முப்பத்திரண்டு கவடு தூரத்தில் ஒரு நீலப் பரல்

அனுப்புபவர்:
யோகநாதன் துஷ்யந்தன்,
தொலைபேசிக் கடை ஊழியர்,
லா சப்பல், பாரிஸ் 10, பிரான்ஸ்.

பெறுபவர்:
பிரதேச செயலாளர்,
பிரதேச செயலகம்,
நெடுமரத்துக்குளம்.

விடயம்: திரு. நாகமணி புண்ணியமூர்த்தி தம் காணியில் தோண்டுவதற்கு விதிக்கப்பட்ட தடையைத் தளர்த்தி, இன்னும் ஒரேயொரு குழிக்கு அனுமதி கோரல்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. புண்ணியமூர்த்தி அண்ணை புதையல் தோண்டுகிறார் என்று அயலவர் முறைப்பாடு செய்ததும், பொலிஸார் வந்து பதினொரு குழிகளைப் படம் எடுத்ததும், தாங்கள் தடைக்கடிதம் கொடுத்ததும் அவருடைய மனைவி இந்திராதேவி அக்கா தொலைபேசியில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இந்த மனுசன் காணியைச் சல்லடையாக்கிப் போட்டுது, தம்பி" என்று அழுதார். நான் அவர்களுக்கு இரத்த உறவு அல்ல. பாரிஸில் நிலத்துக்குக் கீழே அவருடன் ஆறு வருடம் வேலை செய்தவன். ஆகையால் இதில் எனக்குச் சொல்ல ஒரு சங்கதி உண்டு.

2. குழிகள் மூலை பிசகாமல் சதுரமாக, பலகை முட்டுக்கொடுத்து வெட்டப்பட்டிருப்பதால் இது கைதேர்ந்த புதையல் கள்ளரின் வேலை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவர் இங்கே புதிய மெத்ரோப் பாதைக்குச் சுரங்கம் தோண்டியவர், ஐயா. கோழிக்கூட்டுக்குக் கம்பு நடச் சொன்னாலும் முட்டுக்கொடுத்துத்தான் தோண்டுவார்.

3. அவர் தேடுவது பொன் அல்ல. 2008இல் இடம்பெயர்ந்த அன்று, காணி அனுமதிப்பத்திரம், கலியாண அல்பம், அக்காவின் தையல் மெசின் தலை ஆகியவற்றை ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்ப் பரலில் போட்டு மூடி, கிணற்றுக் கட்டிலிருந்து நேர் கிழக்கே முப்பத்திரண்டு கவடு கால் எடுத்துவைத்து எண்ணி அங்கே தாட்டுவிட்டுப் போனார். இராணுவம் அந்தக் காணியைச் சென்ற வருடம்தான் விட்டது. விட்ட செய்தி வந்த கிழமையே இங்கே அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். வீடும் மரங்களும் இல்லை. கிணறு மட்டும் இருக்கிறது.

4. ஒக்ரோபர் 14ஆம் திகதி நடக்கும் காணிக் கச்சேரி விசாரணையில் பத்திரத்தைக் காட்டாவிட்டால் காணி வேறொருவருக்குப் போகும் என்று தங்கள் அலுவலகம் அறிவித்துள்ளது. அலுவலகப் பிரதி யுத்தத்தில் அழிந்துவிட்டதாம். பத்திரம் மண்ணுக்குள். காணி தன்னுடையது என்று காட்டாமல் தோண்டக்கூடாது என்கிறீர்கள். தோண்டாமல் அதை அவர் எப்படிக் காட்டுவது? குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை.

5. அதைவிட விளங்காதது ஒன்று இருந்தது. கவடு எண்ணுவதில் அவரைப்போல ஒருவரை நான் கண்டதில்லை. அப்படியிருக்க, பதினொரு குழியிலும் பரல் ஏன் இல்லை? இந்தக் கேள்வி என்னை மூன்று நாள் விடவில்லை. கடையில் ஒருவருக்கு வேறு சிம் அட்டையைக்கூடப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

6. எங்கள் சுரங்கச் சுவர் கொங்கிறீட் வளையங்களால் ஆனது. ஒரு வளையம் ஒன்றரை மீற்றர் அகலம். அண்ணைக்கு ஒரு வளையத்துக்கு இரண்டு கவடு. எந்த வளையத்தில் நீர் கசிகிறது என்று மேற்பார்வையாளர் பிராங்க் கேட்டால், கவட்டை எண்ணிக்கொண்டு வந்தவர் சுவரைப் பாராமலே இலக்கம் சொல்வார். ஒருநாளும் பிழைத்ததில்லை. 2019இல் இடது முழங்காலில் பாரம் விழுந்து, நாலு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். அதன்பின் அவர் சொன்ன இலக்கங்கள் எல்லாம் பிழைத்தன. "வளையத்துக்கு இலக்கம் அடிச்சவன்ர பிழை" என்று கோபித்தார். பிறகு இலக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டார். நான் பின்னால் நடந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு வளையத்துக்கு மூன்று கவடு. அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

7. இப்போது கணக்குச் சரிவருகிறது, ஐயா. 2008இல் அவருடைய முப்பத்திரண்டு கவடு இருபத்துநாலு மீற்றர். இன்று அதே முப்பத்திரண்டு பதினாறு மீற்றர்தான். பொலிஸார் எடுத்த படங்களைப் பாருங்கள். குழிகள் எல்லாம் கிணற்றிலிருந்து ஏறக்குறைய பதினாறு மீற்றரில் கூட்டமாக இருக்கவேண்டும். அப்படி இல்லாவிட்டால் இந்த மனுவைக் கிழித்து எறியலாம்.

8. போன ஞாயிறு அவருக்கே எடுத்துச் சொன்னேன். "என்ர கால் எனக்குத் தெரியுமடா" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அதன்பின் எடுக்கவில்லை. அவரைக் காயப்படுத்திவிட்டேன் என்பது எனக்குத் துக்கமாக இருக்கிறது.

9. ஆகவே, கிராம உத்தியோகத்தரும் பொலிஸாரும் பக்கத்தில் நிற்க, கிணற்றுக் கட்டிலிருந்து கிழக்கே நாடா பிடித்து இருபத்துநாலு மீற்றர் அளந்து, அங்கே ஒரு குழி தோண்ட, கச்சேரித் திகதிக்கு முன் அனுமதி தரும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். தோண்டுவதற்கு வேறு ஆள் தேட வேண்டாம். அவரே தோண்டட்டும்.

10. கடைசியாக ஒரு வேண்டுகோள். எதற்கு நாடா என்று அண்ணை கட்டாயம் கேட்பார். அரசாங்க விதிப்படி நாடாவால்தான் அளக்கவேண்டும் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். காலைப் பற்றி ஒருவரும் கதைக்க வேண்டாம்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
யோ. துஷ்யந்தன்

இடம்: லா சப்பல், பாரிஸ்
திகதி: 22.09.2025