ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள்

12-7-1968, வெள்ளி

துணை முதல்வரான என் பொறுப்பில் இருக்கும் கல்லூரிச் சேர்க்கைப் பதிவேட்டை இன்று ஒரு வெளியாளுக்குத் திறந்து காட்டினேன். ஊரில் பெரிய மனிதர். எங்கள் மாணவி ஒருத்தியைத் தம் மகனுக்குப் பேசியிருக்கிறார். அவள் வயதைச் சரிபார்க்க வந்தார். பெற்றோர் தவிர யாருக்கும் காட்டுவதில்லை என்றேன். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதல்வர் சிரித்தார்.

"என்ன, பெட்டகம் மாதிரி பொத்தி வைக்கிறீக? நல்ல காரியத்துக்குத்தான கேக்குறாக. காட்டுங்க."

காட்டினேன்.

"சாதகத்துல பதினெட்டு, இங்க பத்தொம்பது. பொய்ச் சாதகம் குடுத்திருக்காக. இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று பெரியவர் எழுந்துவிட்டார்.

பள்ளியில் சேர்க்க வயது போதாவிட்டால், தலைமையாசிரியரே ஒரு வயதைக் கூட்டி ஜூன் முதல் தேதி என்று எழுதிவிடுவார். அப்படித்தான் இவள் பக்கத்திலும் ஜூன் முதல் தேதி வந்திருக்கிறது, சாதகம்தான் மெய் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ரிஜிஸ்தர் பொய் சொல்லுமாய்யா?" என்றார் முதல்வர். இரண்டு பட்டம் வாங்கிய மூடர்.

பெரியவரின் மகனும் இங்கே படித்தவன்தான். மாலையில் அவன் பக்கத்தைப் புரட்டினேன். அவனும் ஜூன் முதல் தேதி.

நாளை பெண்ணின் தகப்பனார் வருவார். காட்டியது யார் என்று கேட்டால் முதல்வர் என்னைத்தான் கைகாட்டுவார். அப்போது பையனின் பக்கத்தைத் தகப்பனார்முன் திறந்து வைத்தால் என்ன? வைத்தால், இன்றைக்கு நான் எதற்காகத் தடுத்தேன்?