பதினோரு சீடர்களின் விருந்து

நூரம்பெர்க்

அன்புள்ள வால்புர்காவுக்கு,

நானும் என் இடுப்பு வலியும் சுகம். நீயும் உன் அம்மாவும் நலந்தானே? சிரிக்காமல் படி. இயேசுவின் கடைசி விருந்துப் படத்துக்கு அச்சுக்கட்டை செதுக்கும்போது கத்தி வழுக்கி, ஒரு சீடரின் தலை போய்விட்டது. ஆளையே சீவியெடுத்து, அந்த இடத்தைக் காலியாக விட்டேன். படம் அச்சாகிச் சந்தைக்குப் போன பிறகுதான் முதலாளி கொன்ராட் கவனித்தார்.

“யோவ், பன்னெண்டு சீடர்ல பதினோரு பேர்தான்யா இருக்காங்க. ஊருக்கு மூட்டையக் கட்டு.”

அதற்குள் சந்தைக்கு வந்த ரொட்டிக்கடைக்காரர் மனைவி படத்தை உற்றுப் பார்த்தாள். “பரவால்லையே, யூதாஸைத் தொரத்திட்டீங்களா? காட்டிக் குடுத்தவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கஞ்சி குடிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? ரெண்டு குடுங்க.”

மத்தியானத்துக்குள் அத்தனையும் விற்றுப்போய்விட்டது. கொன்ராட் இப்போது என்னை “வாத்தியாரே” என்கிறார்.

கம்பளிக் காலுறை அனுப்பு. பூனை குட்டி போட்டதா என்றும் எழுது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பேச ஆளில்லை. கடிதம் கொண்டுபோகும் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார்.

உன் லுட்ஸ்

யாரிடமும் சொல்லாதே: தலை போனது தோமாவுக்கு. யூதாஸ் பணப்பையோடு மேசை ஓரத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கிறான்.