விட்டுவிட்டுப் போட்ட கோடு

பெர்தாலை, சார்டீனியா
செப்டம்பர் 4

அன்பு மகள் லுசோரியாவுக்கு,

உன் சித்தப்பா கொனாரியோ எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. மரியாதைக்காகக் கேட்கிறேன்: நலமா? இங்கே என் அம்மா நலம், உன் அப்பா நலம், ஆடுகள் நலம். நான் மட்டும் மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் நான் போட்ட சத்தத்தில் எதிர்மலை ஆடுகளுக்குப் பால் வற்றிவிட்டதாகப் பேச்சு. நான் மறுக்கவில்லை.

நம் ஊர் ரத்தத்தை ஆராயும் உங்கள் ஆய்வுக்கூடம் ஊர் மன்றத்துக்குப் பரிசாக அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. கதவளவு பெரிது, கண்ணாடி போட்ட மரச் சட்டம், தங்க விளிம்பு. பதினைந்தாம் தேதி திருநாளன்று பாதிரியார் முன்னிலையில் மாட்டுவதாக ஏற்பாடு. ரத்தம் கொடுத்தோர் தலைவர் என்று (அந்தப் பதவியை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன், ஊரில் யாரும் ஆட்சேபிக்கவில்லை) மன்றச் செயலாளர் செராபினோ கட்டுப் பிரிக்க என்னைத்தான் கூப்பிட்டான்.

நல்லவேளை, மூக்குக்கண்ணாடியை அவன் வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தான்; அது இல்லாமல் அவனுக்குக் கண் தெரியாது.

தலைப்பு, 'நெடுநாள் வாழும் ஒரு குடும்பம்'. பெயர் ஒன்றுகூட இல்லை. மேலே ஒரு வட்டமும் ஒரு கட்டமும், கீழே வரிசையாக ஆறு கட்டம், கடைசியில் ஒரே காம்பில் இரண்டு வட்டம். எழுநூறு பேர், நான்கே குடும்பப் பெயர் உள்ள ஊரில் ஆறு ஆண், அப்புறம் இரட்டைப் பெண் பெற்ற வீடு எது என்று நாய்க்கும் தெரியும். பெயர் போட மாட்டோம் சித்தப்பா, எண் மட்டும்தான் என்றாயே! இந்த ஊரில் யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

ஐந்தாவது கட்டத்துக்கு அப்பாவிடமிருந்து வரும் கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போட்டிருக்கிறது. ஐந்தாவது நான்.

அதன் அர்த்தம் ஊருக்குப் புரியாது என்று ஆறுதல் சொல்லாதே. ஆறு வருடத்துக்கு முன் ரத்தம் எடுக்க வந்தபோது முழுக்கோடு என்றால் ரத்த உறவு, விட்டுவிட்டு இருந்தால் ரத்த உறவில்லை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவள் நீ. நான் சும்மா இருப்பேனா? மது விடுதி மேசையில் சிந்தின ஒயினைத் தொட்டுத் தொட்டுக் கோடு போட்டு, ஊருக்கே பாடம் நடத்தினேன். பேராசிரியர் கொனாரியோ என்று ஒரு மாதம் கூப்பிட்டார்கள். இப்போது இந்த ஊரில் அந்தப் படத்தைப் படிக்கத் தெரியாதவர் பாதிரியார் ஒருவர்தான்.

உங்களை யாரம்மா பார்க்கச் சொன்னது? எப்படி நூறு வயது வாழ்கிறோம் என்று தெரிய வேண்டும் என்றீர்கள், கையை நீட்டினோம். ஒப்புதல் படிவத்தின் பதினோரு பக்கத்தையும் படித்துவிட்டேன், தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னவன் நான். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் படித்தேன், அது வேறு. நடுவில் எந்தப் பக்கத்தில் இருந்தது, என் அம்மாவின் படுக்கையறைக்குள் எட்டிப்பார்ப்போம் என்று? அவளுக்குத் தொண்ணூற்று நாலு வயது. திருநாளன்று அந்தப் படத்துக்குக் கீழேதான் அவளுக்கு நாற்காலி போடுவதாக இருக்கிறார்கள்.

உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அமைச்சரோடு பேசுவதுபோல் அதட்டிப் பேசினேன். ஒரு பெண் தேனொழுக, "ஐயா, நீங்க விலகிக்கலாம், அது உங்க உரிமை. மிச்ச ரத்தத்தை அழிச்சிடுவோம், படத்துலேருந்தும் எடுத்துடுவோம். ஆனா வெளிநாட்டுக்குப் போனதைத் திருப்பி வாங்க முடியாது" என்றாள். என் கட்டத்தை எடுத்தால் அங்கே என்ன இருக்கும் என்று கேட்டேன். "அந்த இடம் காலியா இருக்கும் ஐயா" என்றாள். ஐந்தாவது இடத்தில் ஓட்டை! அதற்கு என் முகத்தையே மாட்டிவிடலாம்.

ஆகவே எல்லோரும் விலகினால்தான் குடும்பமே படத்திலிருந்து போகும். எட்டுப் பிள்ளைகள், அம்மா, ஒன்பது கையெழுத்து. காரணம் சொல்லாமல் வாங்க வேண்டும். அதற்கு என்னை விட்டால் இந்தத் தீவில் ஆளில்லை.

உன் அப்பா பக்கிசியோவிடம், நம் ரத்தத்தைப் பன்றிக்கு ஏற்றி நூறு வருடம் சாகாத பன்றி வளர்க்கப் போகிறார்கள் என்றேன். "ஏண்டா, அப்புறம் திருநாளுக்கு எதைடா சுடுறது?" என்று பதறிப்போய்ப் போட்டான். மற்ற மூன்று அண்ணன்களுக்கும் அதே பன்றிதான். தம்பிக்கு மட்டும் கழுதை. இரட்டைத் தங்கைகளிடம், பேரப்பிள்ளைகளுக்குக் காப்பீடு கிடைக்காது என்றேன். பியெத்ரீனா, "போன வருஷம் சொன்ன பொய்யைவிட இது பரவாயில்லண்ணே" என்று சிரித்துக்கொண்டே போட்டாள். என்னோடு எட்டு ஆயிற்று.

நேற்று மதியம் அம்மாவிடம் போனேன். அவளுக்கென்று தனியாக ஒரு பொய் செய்து வைத்திருந்தேன், அமெரிக்க ராணுவம் எல்லாம் வரும். அவள் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ரத்தத்துல என்னடா பாத்தாங்க?" என்றாள். அவ்வளவுதான். அமெரிக்க ராணுவம் ஓடிவிட்டது.

என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பேனாவைக் கேட்டாள். போட்டு முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னாள்: "உங்கப்பாவே என்கிட்ட ஒருநாளும் கேக்கல. இவனுங்க யாருடா கேக்குறதுக்கு?"

லுசோரியா, ஒன்பதையும் இதோடு வைத்திருக்கிறேன். அந்தத் தாள்களை உன் மேலதிகாரி மேசையில் நீயே கொண்டுபோய் வை, தபாலில் தள்ளாதே. படத்தில் தப்பு இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள் என்று பதினைந்துக்கு முன்னால் மன்றத்துக்கு உங்கள் கூடத்திலிருந்து கடிதம் வரவேண்டும். சட்டத்தில் பூச்சி அரித்திருக்கிறது என்று செராபினோவை ஏமாற்றிப் படத்தை என் பாலாடைக்கட்டி அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கோடரி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் உன் கணினிக்குள் இருப்பதை நான் எந்தக் கோடரியால் வெட்டுவேன்?

கோடு போட்டது உன் கையா, வேறு யாரா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லாதே. உன் அப்பாவிடம் எதுவும் பேசாதே, அவன் பன்றியையே நம்பிக்கொண்டிருக்கட்டும்.

உனக்கு நல்ல இடத்தில் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்கள் யாருக்கும் எந்தக் கணக்கும் காட்டாமல் ஓடி விளையாடட்டும். திருநாளுக்கு வா. என் பக்கத்தில் உட்காருவாய் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
என் அப்பா பைன்சுவின் ஐந்தாவது மகன்,
உன் சித்தப்பா
கொனாரியோ