படிக்காமல் பாராட்டியவர்கள்

ஜூன் 4

பேராசிரியர் பதவிக்கான விண்ணப்ப வேலை இன்று தொடங்கியது. வேலை என்றால் என்ன, காற்புள்ளியை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பதுதான். என் கட்டுரைகளின் பட்டியலில் பெயருக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் ஆண்டு இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அது ஆகாதாம். ஆண்டு கடைசியில் வர வேண்டும், இதழின் பெயர் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும், பக்க எண்ணுக்கு முன்னால் முக்காற்புள்ளி. சில குழந்தைகள் ஏன் மெதுவாகப் படிக்கிறார்கள் என்று ஆராய்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நாள் முழுக்க முக்காற்புள்ளியை மேய்த்தேன்.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். தராசு என்பது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். எதைச் சொன்னாலும் “எத்தனை?” என்றுதான் கேட்பார்.

“கவலையே படாதீங்க மேடம். எத்தனை பேர் நம்ம கட்டுரையை மேற்கோள் காட்டினாங்கங்கறதுதான் கணக்கு. உங்க மொத்த எண்ணிக்கையில பாதிக்கு மேல, பிள்ளைங்களை அதே வகுப்புல மறுபடி உட்கார வைக்கறதைப் பத்தின அந்த மறுவகுப்புக் கட்டுரை ஒண்ணுக்கே வந்திருக்கு. அது உங்களைக் கரை சேர்த்துடும்.”

உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. மறைப்பானேன்.

ஜூன் 5

சாய்வெழுத்து முடிந்தது. கழுத்தும் சாய்ந்துவிட்டது.

ஜூன் 9

விண்ணப்பத்தில் இந்த வருடம் புதிதாக ஒரு பகுதி: தாக்கம். அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரையை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அவர்களுடைய வரிகளோடு காட்ட வேண்டும். நூலகர் ஒரு கட்டு கட்டுரைகளை இறக்கி அனுப்பினார். காபி போட்டுக்கொண்டு, என் புகழை நானே படிப்போம் என்று வசதியாக உட்கார்ந்தேன்.

காபி ஆறிப்போனது.

எல்லாவற்றிலும் ஒரே வரி, கொஞ்சம் கொஞ்சம் மாற்றி. “மெதுவாகப் படிக்கும் குழந்தைகளை அதே வகுப்பில் இன்னொரு வருடம் வைத்திருப்பது பலன் தரும் என்று நிறுவப்பட்டுள்ளது.” அடைப்புக்குறிக்குள் என் பெயர்.

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? முதல் சில மாதங்கள் அந்தக் குழந்தைகள் நன்றாகப் படிப்பது போலத் தெரிகிறது, ஏனென்றால் அதே பாடம். அதற்குப் பிறகு அது கரைந்துபோகிறது. மேலே அனுப்பப்பட்ட குழந்தைகளைவிடப் பின்தங்குகிறார்கள், பள்ளிக்கு வரவே கூசுகிறார்கள். இதுதானே என் கட்டுரை. சுருக்கத்தின் இரண்டாவது வரியிலேயே எழுதியிருக்கிறேனே. இரண்டாவது வரி வரைக்கும் கூடவா ஒருத்தரும் வரல?

ஜூன் 10

பிடித்துவிட்டேன். முக்காற்புள்ளி மேய்த்ததில் ஒரு லாபம், என் கட்டுரையின் பக்க எண் மனப்பாடம். 214இல் முடிகிறது. நேற்று நான் படித்த கட்டுரைகளின் ஆதாரப் பட்டியல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 241. இத்தனை பேருக்குத் தனித்தனியாக ஒரே பிழை எப்படி வரும்?

நூலகரிடம் கொண்டுபோனேன். மிகப் பழைய கட்டுரையிலிருந்து வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். முதல் 241 ஒரு பெரிய மனிதரின் மீளாய்வுக் கட்டுரையில் இருக்கிறது, அதாவது மற்றவர்களின் ஆய்வுகளைத் திரட்டி எழுதியது. அவர்தான் முதல் வரியோடு எழுந்து போனவர். மற்றவர்கள் அவரைப் பார்த்து எழுதி, என்னைப் படித்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

“இவங்க யாரும் உங்க வீட்டுப் படியே ஏறல மேடம். பக்கத்து வீட்டுல விசாரிச்சுட்டு அப்படியே போயிருக்காங்க” என்றார் நூலகர். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. எனக்கு இருப்பதாக நினைத்த வாசகர்கள் எனக்கு இல்லை.

ஜூன் 12

தராசிடம் சொன்னேன். இதழுக்குத் திருத்தம் எழுதப்போகிறேன் என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மேடம், மேற்கோள் மேற்கோள்தான். திட்டி எழுதினாலும் ஒண்ணுதான், புகழ்ந்து எழுதினாலும் ஒண்ணுதான். கம்ப்யூட்டர் உள்ள போய்ப் படிக்கவா போகுது?”

“தப்பா சொல்றாங்களே சார்.”

“சொல்லட்டும். ஆர்டர் கைக்கு வந்ததும் பக்கம் பக்கமா எழுதுங்க, நானே கையெழுத்துப் போடறேன். நேர்காணலுக்கு முன்னாடி நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இத்தனை வருடம் தப்பாகச் சொன்னவர்கள் இன்னும் இரண்டு மாதம் சொன்னால் வானம் இடிந்தா விழும்?

ஜூன் 13

தாக்கம் பகுதியை நிரப்பி அனுப்பிவிட்டேன். அவர்களுடைய வரிகளை அப்படியே போட்டேன்.

ஜூன் 20

அக்கா போன் செய்தாள். எடுத்ததும் சத்தம்.

“நீ என்னடி எழுதி வச்சிருக்க?”

விஷயம் இதுதான். அக்கா மகள் மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். படிப்பது மெதுவாகத்தான், ஆனால் படித்தது மறக்காது. அவளையும் இன்னும் சிலரையும் மறுபடி மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வைக்கப்போவதாகப் பள்ளி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் ஆதாரம். என் பெயர். பக்கம் 241.

“சித்தி சொல்லித்தான் என்னை ஃபெயிலாக்கினாங்களான்னு கேக்குறா. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

நான் அப்படி எழுதவில்லை என்று சொன்னேன்.

“அப்ப தப்புன்னு போய்ச் சொல்லேன். யார் தடுக்குறா?”

யாரும் தடுக்கவில்லை. அந்தப் பள்ளி மட்டுமா? எத்தனை ஊரில் எத்தனை சுற்றறிக்கையோ. வானம் இடிந்து விழாதாமே. இடிந்துதான் விழுந்திருக்கிறது, எட்டு வயசுப் பிள்ளை தலையில.

ஜூன் 23

பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை மரியாதையாக நாற்காலி போட்டார்.

“நீங்க ஒருத்தர் இல்லைங்கறீங்க. ஆனா இத்தனை ஆய்வாளர்கள் ஆமாங்கறாங்களே” என்றார்.

“அவங்க எல்லாரும் சொல்றது என் கட்டுரையைத்தாங்க.”

“அதான் நானும் சொல்றேன். உங்க கட்டுரையே ஆமாங்குதே.”

எழுதியவளே எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எதிராக நானே சாட்சி! கோபத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வெளியே வந்து, முழுக் கட்டுரையையும் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். கடைசி மூன்று பக்கங்களை அவள் நகலெடுத்து மற்ற பெற்றோருக்கும் கொடுக்கிறாளாம். அவளுக்கு ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது.

ஜூன் 24

திருத்தக் கடிதத்தை இதழுக்கு அனுப்பிவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பிரதி. தராசுக்குச் சொல்லிவிட்டே அனுப்பினேன். “உங்க இஷ்டம்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 3

இதழாசிரியரின் பதில். கடிதம் முக்கியமானதாம். ஆனால் ஆதாரப் பட்டியல் அவர்கள் முறையில் இல்லையாம். கூடவே, அவர்கள் இதழில் அண்மையில் வந்த கட்டுரைகள் சிலவற்றையும் மேற்கோள் காட்டினால் “கடிதம் வலுப்பெறும்” என்று ஒரு யோசனை. வலுப்பெறப்போவது யார் என்று எனக்குத் தெரியாதா?

முக்காற்புள்ளிகளை எல்லாம் மாற்றினேன். மற்றதை மாட்டேன் என்று எழுதிவிட்டேன்.

ஜூலை 18

நேர்காணல். குழுவின் தலைவர் என் விண்ணப்பத்தைப் புரட்டி, “இந்தக் கட்டுரைக்கு அபாரமான வரவேற்பு” என்றார்.

“வரவேற்பு இருக்கு. ஆனா யாரும் படிக்கல” என்றேன். 214, 241, எல்லாவற்றையும் சொன்னேன். தாக்கம் பகுதியில் நான் போட்ட வரிகள் எல்லாமே தவறு என்றும், அது தெரிந்தேதான் போட்டேன் என்றும் சொன்னேன்.

ஒரு பெண் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் கேட்டார்: “அப்படின்னா இந்த எண்ணிக்கையை நாங்க எப்படி எடுத்துக்கறது?”

“எடுத்துக்க வேண்டாம் சார்.”

ஜூலை 30

கடிதத்தை வெளியிடுகிறார்கள். அவர்களுடைய கட்டுரைகள் இல்லாமலேதான்.

ஆகஸ்ட் 6

அக்கா மகளின் வகுப்பாசிரியை போன் செய்தார். அக்கா கொடுத்த நகலில் கடைசி அட்டவணை தெளிவாக இல்லையாம். “இரண்டாவது வருஷத்துல அந்தப் பிள்ளைங்க வராம இருந்த நாள் ஏன் கூடுது? உடம்பு சரியில்லாமலா, வெட்கமா?” என்று கேட்டார்.

கட்டுரை வெளிவந்ததிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்திருக்கிறேன் என்று இன்றுதான் எனக்கே தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பேசினேன். எங்களுக்கும் முழுசாகத் தெரியவில்லை என்றேன். “என் வகுப்புல பாத்தா வெட்கம்தான்னு தோணுது” என்றார். மற்ற ஆசிரியர்களோடும் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 14

பதவி வேறொருவருக்கு. நல்ல ஆள்தான். வாழ்த்துச் சொன்னேன். பிறகு கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். ஆசைப்பட்டேன் என்பது உண்மை.

செப்டம்பர் 10

ஆண்டறிக்கைப் படிவம் வந்திருக்கிறது. தராசு எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். என் திருத்தக் கடிதத்துக்கு இதுவரை ஒரு மேற்கோளும் இல்லை. மறுவகுப்புக் கட்டுரைக்குப் புதிதாக இரண்டு வந்திருக்கின்றன, இரண்டிலும் 241.

கடைசிக் கேள்வி: “உங்கள் ஆய்வால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஏற்பட்ட மாற்றம். ஆதாரம் இணைக்கவும்.” யோசித்தேன். போன மாதக் கடைசியில் பள்ளி அனுப்பிய இரண்டாவது சுற்றறிக்கை நான்கே வரி. முந்தைய முடிவு கைவிடப்படுகிறது என்று இருக்கிறது, காரணம் இல்லை, யார் பெயரும் இல்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பினேன்.

அக்காவுக்கு இன்று மாலை வரை வேலை. பிள்ளையைக் கூட்டி வர நான்தான் போனேன். கால் பழக்கத்தில் பழைய மூன்றாம் வகுப்புக்கே போய் நின்றுவிட்டேன். காவலாளி யாரைத் தேடுகிறீர்கள் என்றார்.

“நாலாம் வகுப்பு எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.