இரைச்சலில்லாத ஒரு லெப்டொப்

மார்ச் 4, செவ்வாய்

கொழும்புப் பதிப்பகத்தார் மறுபடி கேட்டுவிட்டார்கள். ஒலிநூலுக்கு மாதிரியாக முதல் அத்தியாயம், இந்த மாதம் முடிவதற்குள். பிடித்தால் தொடர்ந்து வேலை தருவார்களாம். வானொலியில் என் நாடகங்களை நிறுத்திய பிறகு என்னைத் தேடி வந்த முதல் வேலை. வாசிக்க என் மனைவி ஞானேஸ்வரி இருக்கிறாள், பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பில் கத்திக் கத்தியும் கெடாத குரல். லெப்டொப்தான் செத்துக்கொண்டிருக்கிறது. பற்றரி போய் வருடக்கணக்காகிறது. வயரைக் குத்திவிட்டுத்தான் மூடியையே திறக்கவேண்டும்.

புதிதை, அதன் சத்தத்தைக் கேட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டேன். நல்லது என்று பிறர் சொன்னதை நம்பி இழந்தது போதும்.

மார்ச் 5

யட்டிநுவர வீதியில் பஹீமின் கடை. வெளியே பஸ் ஹோர்ன் ஓயவில்லை. இதற்குள் எந்த விசிறிச் சத்தம் கேட்கும்? சொன்னேன்.

"அப்ப வீட்டுக்குக் கொண்டு போய்க் கேளுங்க சேர். ஐடி கார்ட மட்டும் வச்சிட்டுப் போங்க. புடிச்சா எடுங்க, இல்லாட்டி கொண்டு வாங்க."

இவ்வளவு நம்புகிறவன் மேல் எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

மார்ச் 6

பெரியது. விசையெல்லாம் வண்ண விளக்கு. என் பழைய நாடகம் ஒன்றைத் திறந்தேன். மழை, ரயில், சனக்கூட்டம், எல்லாம் திக்காமல் ஓடின. ஆனால் விசிறி! கடுகண்ணாவை மலைப்பாதையில் ஏறும் லொறி. பதிந்து கேட்டால் ஞானேஸ்வரியோடு சேர்ந்து அந்த லொறியும் வாசிக்கிறது. திருப்பிக் கொடுத்தாயிற்று.

மார்ச் 8, சனி

இரண்டாவது மெலிசு. விசிறி மூச்சுக் காட்டவில்லை. நாடகமும் ஓடியது. பதிந்து கேட்டால் — ங்ங்ங் என்று ஒரு ரீங்காரம். பழையதிலும் இருந்தது; கிழடு என்று விட்டுவிட்டேன். புதிதிலுமா?

மார்ச் 11

பஹீமிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

"நோன்போட ஈக்கிறேன் சேர், சண்டை பிடிக்க ஏலாது. இதைப் பாருங்க." விலை கூடிய ஒன்று.

வீட்டில் பதிந்தால் அதிலும் அதே ரீங்காரம். கடை முழுக்கக் குப்பை! என் நேரம் — எதைத் தொட்டாலும் இப்படித்தான்.

ஞானேஸ்வரி சொல்கிறாள்: "எல்லா மெசினும் கூடிப் பேசியா ஒங்கள ஏமாத்துது? கஜேந்திரன் அண்ணன்கிட்ட காட்டுங்களேன்."

கஜேந்திரன்! என் நாடகங்களுக்கு ஒலிப்பதிவு செய்தவன். அதற்குப் பரிசு வாங்கிய மேடையில் என் பெயரைச் சொல்லாமல் இறங்கியவன். அவன் வாசலை மிதிப்பதா?

மார்ச் 14

மிதிக்கமாட்டேன்.

மார்ச் 15, சனி

மூன்றாவது லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கெலிஓயாவுக்கு, கஜேந்திரன் வீட்டுக்குப் போனேன்.

"வாடா. இன்னும் கோவமாத்தான் இருக்கியா, இல்ல வேல ஏதும் ஆகணுமா?" தலை நரைத்துவிட்டது, வாய் அப்படியே.

உட்காருமுன் சுவரில் பிளக் தேடினேன்.

"அத ஏன்டா தேடுற? பற்றரி நெறஞ்சிருக்கே."

பழக்கம். வயர் இல்லாமல் பதிந்தோம். ரீங்காரம் இல்லை. அவன் வயரைக் குத்திவிட்டுப் பதிந்தான். அப்போதும் இல்லை. சிரிக்க ஆரம்பித்தான்.

"மெசின்ல ஒன்னும் இல்லடா. ஒன் வீட்டு கரண்ட்ல எர்த் சரியில்ல, அந்தச் சத்தம்தான் இது. பாவம் அந்தக் கடைக்காரன், ஒன்கிட்ட என்னா பாட்டுக் கேட்டானோ!"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை? மேடைக் கதையை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டாவது தேநீரும் குடித்தேன்.

மார்ச் 17

பஹீமிடம் இரண்டாவதையே எடுத்தேன்.

"நீங்க ஏசின மெசின்தான் சேர். கோவிக்காம ஈக்குது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். என் ஐடி கார்டை நீட்டிக்கொண்டே, "பெருநாள் முடிய சண்டை பிடிப்போம்" என்றான்.

மார்ச் 22

கஜேந்திரன் தெரிந்த எலக்ட்ரீஷியனோடு வந்து எர்த்தைச் சரிசெய்வித்தான். அரைநாள் என் வீட்டு வயரிங்கை ஏளனம் செய்தான். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஞானேஸ்வரியை வாசிக்கச் சொன்னேன்.

குரல். அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

மார்ச் 28

அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 3

இரண்டாம் அத்தியாயமும் கேட்டிருக்கிறார்கள்!

ஒலிநூலின் கடைசியில் வரும் அறிவிப்பை ஞானேஸ்வரி இன்று பதிந்தாள். "ஒலி ஆலோசனை: கஜேந்திரன்." அதை மட்டும் வெட்டி அவனுக்கு அனுப்பினேன். கூட வேலை செய்தவனின் பெயரைச் சொல்வது, மேடையில் அவனுக்கு வாய் வராத காரியம். கேட்கட்டும்.

 இரவு அவனிடமிருந்து ஒரு குரற்செய்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு: "என் பேர்ல அந்த 'ஜ' காதுல கூசுதுடா. மைக்க விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்து சொல்லச் சொல்லு."

மறுபடி கேட்டுப் பார்த்தேன். கூசத்தான் செய்கிறது. நாளைக்கு அவன் பெயரை இன்னொரு முறை பதியவேண்டும்.