நானே பிரித்த இஞ்சின்

6 டிசம்பர் 2025, சனி

சிரம்பானிலிருந்து திரும்பும்போது கார் புகை கக்கிவிட்டது. ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீரெல்லாம் ரோட்டோடு போயிருக்கிறது. சூடு காட்டுகிற முள் மேலே ஏறுவதைப் பார்க்கத்தான் செய்தேன். தோட்டத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டு வாசலில் நிறுத்தினால் பானெட்டுக்குள்ளே ரசம் கொதிக்கிற சத்தம், பின்னால் வெள்ளை வெள்ளையாகப் புகை.

தனலெட்சுமி இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டே, "அண்ணன் கடைக்கு ஒரு போன் போடட்டா?" என்றாள். காது கேட்காதவன் மாதிரி நின்றேன்.

பக்கத்து வொர்க்‌ஷாப் என்றால் லுக்குட்டில் தேவன் மச்சானுடையதுதான். என் மனைவியோடு கூடப்பிறந்த அண்ணன். அவரும் நானும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. புது வீட்டுக்குக் குடிபோனார். தங்கை புருஷனுக்கு அழைப்பு எப்படி வந்தது? வாட்சாப்பில்! ஊருக்கெல்லாம் அனுப்பிய அதே படம். தாம்பூலத் தட்டோடு வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் போகவில்லை. வராதவன் வராட்டி போறான் என்று பந்தியில் வைத்துச் சொன்னாராம். சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பார், தை மாதம் லோஷினிக்கு நிச்சயதார்த்தம். ஒரே மகள். தாய்மாமன் வந்து முன்னால் உட்காராமல் தட்டு மாற்ற முடியுமா? அவருக்கு நேரில் போய், தட்டு வைத்துத்தான் சொல்ல வேண்டும். குறை சொன்ன நானே வாட்சாப்பில் அனுப்ப முடியாது.

8 டிசம்பர், திங்கள்

செம்பனை எண்ணெய் மில்லில் லாரி எடை போடும் வேலை முடிந்ததும் போர்ட்டிக்சன் போனேன். அங்கே ஒரு வொர்க்‌ஷாப்காரர் கதையைக் கேட்டுவிட்டு, ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்றார். இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற தகடு. அதைப் போய்ப் பிரித்து மாரடிப்பதைவிட மொத்த இஞ்சினையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஜப்பானிலிருந்து வருகிற பழைய இஞ்சின் ஒன்றை வை என்றார். என்னமோ சட்டை மாற்றுகிற மாதிரி.

எண்ணெய் மாற்றுவது, பிரேக் மாற்றுவது, பிளக் மாற்றுவது எல்லாம் இத்தனை வருஷமாக நான்தானே? ஹெட் மட்டும் வானத்திலிருந்தா குதித்தது? நானே பிரிக்கப் போகிறேன்.

9 டிசம்பர், செவ்வாய்

பக்கத்து வீட்டு மாயாண்டி அண்ணனிடம் சொன்னேன். டிராக்டர் ஓட்டுகிறவர், ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், "சட்டப் பித்தான் தைக்கத் தெரியும்ங்கிறதுக்காக வயித்தக் கிழிச்சுத் தைப்பியா லா?" என்கிறார். வாயைப் பார்.

14 டிசம்பர், ஞாயிறு

பிரித்தாயிற்று!

ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொண்டேன். போல்ட்டுகளை முட்டை அட்டையில் வரிசையாக வைத்து நம்பர் போட்டேன். துருப்பிடித்து அசையமாட்டேன் என்று முரண்டு பிடித்த போல்ட் 'டக்'கென்று விட்டுக்கொடுக்கிற அந்த நொடி இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு இஞ்சினைப் பிரிக்கலாம். சாயங்காலம் ஹெட்டைத் தூக்கி வெளியே வைத்தபோது என் பிள்ளையை நானே பிரசவம் பார்த்த மாதிரி இருந்தது. கேஸ்கெட் ஒரு பக்கம் கருகி அறுந்திருந்தது. கண்ணால் பார்த்தேன். எவனும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

லோஷினி கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். கொஞ்ச நேரம் டார்ச் பிடித்தாள். பிறகு மெதுவாக, மாமாவைக் கூப்பிட்டாச்சா அப்பா என்று கேட்டாள். வண்டி இப்படிக் கிடக்கிறது, எதில் போவது என்றேன். வண்டி ஓடட்டும், முதல் வேலை அதுதான் என்றேன். சரிப்பா என்றாள். அந்தச் 'சரிப்பா' எனக்குப் பிடிக்கவில்லை.

16 டிசம்பர், செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. தை வரைக்கும் அழைப்பு வைக்கக்கூடாது. அப்பாடா.

19 டிசம்பர், வெள்ளி

காலையில் கொட்டுகிற மழையில் தனலெட்சுமியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சி ரூசா போனேன். அங்கே ஹோட்டலில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை அவளுக்கு. மழைக்கோட்டு போட்டும் முழங்கால் வரை நனைந்துவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினாலாவது பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசலாம்.

28 டிசம்பர், ஞாயிறு

ஹெட்டைச் சுத்தம் பண்ணினேன். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, ஹெட்டைக் கவிழ்த்து வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன். யூடியூப் வீடியோவில் எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடுகிறார்கள்: சூடேறிய ஹெட் வளைந்திருக்கும், பட்டறைக்குக் கொடுத்து ஸ்கிம் போடு, அதாவது முகத்தை ஒரு மயிரளவு சீவிச் சமப்படுத்து, அதற்கப்புறம்தான் பூட்டு.

தெரியாமலில்லை. ஆனால் நான் அறிந்து ஸ்கிம் போடுகிற பட்டறை சிரம்பானில் ஒன்றே ஒன்று. அந்த ஆள் மச்சானுக்கு உயிர்க் கூட்டாளி. ஹெட்டைக் கொண்டுபோய் இறக்கிய மறுநிமிஷம், ஒங்க மாப்ள இஞ்சின நாஸ்தி பண்ணிட்டாரு என்று லுக்குட்டுக்குச் செய்தி போய்விடும். கடை முழுக்கச் சிரிப்பார்கள். வேண்டவே வேண்டாம்.

இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். சமமாகத்தான் இருக்கிறது.

இருக்கிறதா? — இருக்கிறது.

4 ஜனவரி 2026, ஞாயிறு

புது கேஸ்கெட் வைத்து ஹெட்டைப் பூட்டினேன். எவ்வளவு இறுக்கினோம் என்று காட்டுகிற பெரிய ஸ்பானரை மில்லிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தேன். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போக வேண்டும், ஒரே மூச்சில் இறுக்கக்கூடாது. டைமிங் பெல்ட்டின் அடையாளங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். மாயாண்டி அண்ணன்கூட இன்று வாயைத் திறக்கவில்லை. குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

11 ஜனவரி, ஞாயிறு

ஓடுது! இஞ்சின் ஓடுது!

முதலில் இருமிற்று, செத்தது. இன்னொரு தடவை சாவியைத் திருகினேன், பிடித்துக்கொண்டது. புகையில்லை, ஒழுக்கில்லை. தனலெட்சுமி கரண்டியோடு வெளியே ஓடிவந்து சிரித்தாளே ஒரு சிரிப்பு, எவ்வளவு நாளாயிற்று அதைப் பார்த்து. தோட்டத்துப் பந்துத் திடலைச் சுற்றி ஓட்டிக் காட்டினேன். மாயாண்டி அண்ணன் பின்சீட்டில் ராஜா மாதிரி. இன்றைக்கு என் கால் தரையில் இல்லை, யார் என்ன சொன்னாலும் சரி.

15 ஜனவரி, வியாழன், பொங்கல்

பால் பொங்கியது. என் வீட்டிலும் பொங்கியது.

சாமி கும்பிட்டு முடித்ததும், நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போவோம் என்றாள் தனலெட்சுமி. நிச்சயத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, மாமனுக்குக் கடைசியில் சொன்னால் நல்லாவா இருக்கும் என்றாள். வண்டியை இன்னும் தூரம் ஓட்டிப் பார்க்கவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வண்டி ஓடலன்னா மோட்டாருல போலாம். மோட்டாரு இல்லன்னா பஸ்ஸுல போலாம். நீங்க இஞ்சினப் பிரிச்சது வண்டிக்காக இல்லங்க. எங்கண்ணன் வாசல்ல போய் நிக்கக்கூடாதுன்னுதான். மாமன் இருக்கும்போதே மாமன் இல்லாத பொண்ணாட்டம் எம் மக மனையில ஒக்காரணுமா?"

அழுதுகொண்டே பொங்கலை எனக்குத்தான் முதலில் போட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. இனிப்பாக இருந்ததா, தெரியாது, விழுங்கினேன்.

அவள் சொன்னது பொய்யா? ஹெட்டைக் கழற்றிய சந்தோஷம் பொய்யில்லை. அது சத்தியமாக என்னுடையது. ஆனால் அது கூடவே இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் மறுக்க முடியாது. மத்தியானம் போனை எடுத்து வாட்சாப்பைத் திறந்து மச்சான் பெயரைப் பார்த்தேன். ஒரு படம், விரலால் ஒரே தட்டு, வேலை முடிந்தது. ச்சீ என்று மூடிவைத்தேன்.

நாளைக்குப் போகிறோம். சொல்லிவிட்டேன்.

17 ஜனவரி, சனி

நேற்று நடந்தது.

வேலை முடிந்து வந்து கிளம்பினோம். தனலெட்சுமி பட்டுச் சேலை, மடியில் தட்டு: வெற்றிலை, பாக்கு, பழம், பூ, பத்திரிகை. தோட்டத்தைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வரும்வரை முள் அசையவில்லை. லுக்குட்டுக்குப் பாதி வழியில் மெல்ல ஏற ஆரம்பித்தது. இந்தத் தடவை மிதிக்கவில்லை, உடனே ஓரம் கட்டி அணைத்தேன். பானெட்டைத் திறந்தால் ஹெட்டும் இஞ்சின் உடம்பும் சேருகிற இடத்தில் தண்ணீர் குமிழி விட்டு வழிகிறது. நான் பூட்டிய இடம். நான் தேய்த்த இடம்.

இரண்டு பக்கமும் செம்பனை, வருகிற போகிற லாரியெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டு போகிறது. அவள் இறங்கவில்லை. போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள்.

"கூப்பிடு" என்றேன்.

மச்சான் இழுவை லாரியை எடுத்துக்கொண்டு தானே வந்துவிட்டார், உடம்பெல்லாம் எண்ணெய்க் கறை. தங்கையிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காருக்குச் சங்கிலி மாட்டக் குனிந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று பயம் வந்துவிட்டது. அவள் மடியிலிருந்த தட்டை வாங்கி இரண்டு கையாலும் நீட்டினேன். மச்சான், லோஷினிக்கு நிச்சயம், நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும் என்றேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். உள்ளுக்குள் எரிந்தது எனக்கு. நடுரோட்டில் வைத்தா பழி தீர்ப்பது!

"இங்க வாங்கமாட்டேன் மாப்ள. கை பூரா எண்ணெ. மருமக தட்ட ரோட்டோரத்துல வாங்குறதா? வீட்டுக்கு வந்து குடுங்க."

எந்த வீட்டுக்கு? நான் கால் வைக்காத அந்த வீட்டுக்கு.

லாரியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். நடுவில் தனலெட்சுமி, மடியில் தட்டு, பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு என் கார்.

வீட்டுக்குப் போனதும் எங்களை உட்காரவைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். அவர் மனைவி நீலாவதியும் அவரும் ஜோடியாக நின்று தட்டை வாங்கினார்கள். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மச்சான் வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு அறையாக. குளியலறைக் குழாயைக்கூடத் திறந்து காட்டினார். நானும் குனிந்து பார்த்து, நல்லா வருது என்றேன்.

18 ஜனவரி, ஞாயிறு

மச்சான் கடை. அவர் சொல்ல, ஹெட்டை நானே மறுபடி கழற்றினேன். வளைவு பார்க்கிற அவருடைய நேர்க்கட்டையை ஹெட் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. நல்ல வளைவு. என் ஸ்கேல் என்னை ஏமாற்றியதா, நான் ஏமாற விரும்பினேனா?

"பெல்ட் சரி. போல்ட் சரி. எல்லாம் ஒழுங்காத்தான் பூட்டியிருக்க. ஸ்கிம்முக்கு அனுப்பணும்னு ஒனக்குத் தெரியாது?"

தெரியும் என்றேன்.

"பின்ன ஏன் அனுப்பல?"

உங்கள் கூட்டாளி கடை என்றேன். வேறு என்ன சொல்வது?

மனுஷன் சிரிக்க ஆரம்பித்தவர் டயர் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் 'நீங்க' போய்ப் பழைய 'நீ' வந்திருந்ததைக் கவனித்தேன். அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும், கார்டை வாட்சாப்பில் போட்டது சரியில்லைதான் மாப்ள, வீட்டு வேலையில் தலை சுற்றிப்போய்க் கிடந்தேன் என்றார். ஹெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நானும் ஹெட்டையே பார்த்துக்கொண்டு, வரணும்னு இருந்தது மச்சான் என்றேன்.

ஹெட் சிரம்பானுக்குப் போகிறது. வந்ததும் நானே பூட்டலாமாம். பெரிய வேலையில் கை வைப்பது தப்பில்லை, பக்கத்தில் ஒருத்தனிடம் 'இது சரியா பாரு' என்று கேட்காமல் வைப்பதுதான் தப்பு என்கிறார். அவர் கடையில் வேலை செய்கிறவர்களும் கேட்கிறார்களாம். இதை வீடியோவில் எவனும் சொல்லவில்லை.

22 ஜனவரி, வியாழன்

பூட்டினேன். ஓடுகிறது. லுக்குட்டிலிருந்து வீடுவரை முள் இருந்த இடத்திலேயே இருந்தது. இனிமேல் இஞ்சினில் கை வைப்பாயா என்று மாயாண்டி அண்ணன் கேட்டார். வைப்பேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

25 ஜனவரி, ஞாயிறு

நிச்சயம் நல்லபடி முடிந்தது. மச்சான் எல்லாருக்கும் முன்னாலேயே வந்து பந்தல் கட்டுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். தாய்மாமன் மாலை போட்டபோது லோஷினி அழுதுவிட்டாள். தட்டு மாற்றும்போது தனலெட்சுமி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை போதும் எனக்கு.

சாப்பாட்டுக்குப் பிறகு பையனின் அப்பா பேச்சுக்கொடுத்தார். மந்தினில் இருப்பவர், அவரிடமும் பழைய கார் ஒன்று இருக்கிறதாம். எங்கள் காரைக் காட்டி, இஞ்சின் சத்தம் நல்லா இருக்கே, ஒங்க வேலையா என்று மச்சானிடம் கேட்டார். கேட்டதில் என்ன தப்பு? லுக்குட் பக்கம் அவர் கடையைத் தெரியாதவர் யார்? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் இல்லீங்க. எங்க மாப்ள தானே பிரிச்சு தானே பூட்டுனது. நான் சும்மா பக்கத்துல நின்னேன்."

அவ்வளவு பேருக்கு முன்னால், சத்தமாக.

மச்சானுக்குக் காப்பி எடுத்துவர எழுந்தேன். பரிமாறுகிற பிள்ளைகள் நாங்க கொண்டாறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே உள்ளே போனேன்.