லேஞ்சி போட்ட வாங்கு

இஞ்சேருங்கோ, உங்களைத்தான்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. செத்த பிறகு மட்டும் என்ன புதுப் பழக்கம்? கடிதத்திலும் இஞ்சேருங்கோதான். அங்கே எத்தனை பேர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, நீங்களும் திரும்புங்கள். பக்கத்தில் மாக்கிறேற் நின்றால் அவளைத் தன் அலுவலைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு முன்னம் உங்களுக்குக் கல்யாணம் பேசின பெம்பிளை அவள் என்பதை நான் மறக்கவில்லை. எனக்கு முன்னமே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதையும் மறக்கவில்லை.

முதலில் ஊர்ப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரை இப்போது பழைய கரை இல்லை. மாநகர சபைக்காரர் வந்து அந்தக் குப்பை மேட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கடலோரமாகக் கல்லுப் பதித்து அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள். கொழும்புத்துறைப் பக்கமாக இன்னும் நீட்டப் போகிறார்களாம். நீங்கள் இருட்டில் கால் இடறி விழுந்து பெருவிரல் நகத்தைப் பறிகொடுத்தீர்களே, அந்த இடத்தில் இப்போது லைட் எரிகிறது. பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சறுக்கு. பெம்பிளையளுக்கென்று தனியாக, கழுவிச் சுத்தமாக வைத்திருக்கிற கழிப்பறை. கூத்தும் பாட்டும் நடத்த ஒரு மேடை. கடலைப் பார்த்தபடி சாய்ந்து இருக்க வாங்குகள். உங்கள் பூவரசை வெட்டப் போகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. வெட்டவில்லை, அதைச் சுற்றிக் கல்லுக் கட்டி விட்டுவிட்டார்கள்.

"நல்லதுதானே அம்மா, சந்தோசப்படுங்கோவன்" என்கிறாள் மூத்தவள். சந்தோசமாம்! எனக்கு வயிறு பற்றி எரிகிறது. "இந்தக் கரையிலை ஒரு லைட் எரிஞ்சால் காணும், நான் வேறை ஒண்டும் கேக்க மாட்டன்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தைப் போக்கினீர்கள். இப்போது அந்த வெளிச்சத்தில் நிற்கிறவர்கள் யார்? லைட்டைப் பற்றி வாழ்நாளில் வாயே திறக்காதவர்கள். சபையில் எனக்குக் கோபமில்லை, செய்ததைச் செய்தார்கள் என்று சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் முந்திச் செய்திருக்கக் கூடாதா? இல்லாவிட்டால் நீங்கள் கொஞ்சம் பிந்திப் போயிருக்கக் கூடாதா?

திறந்து கன நாளாக நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஒரு பின்னேரம் மூத்தவள் இழுத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால், ஊரில் இருக்கிற புருசன் பெண்சாதி எல்லாம் சோடி சோடியாக நடக்கிறார்கள். அதுவும் பக்கத்தில் பக்கத்தில்! நீங்கள் எந்த நாளில் என் பக்கத்தில் நடந்தீர்கள்? கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் நாலு எட்டு முன்னால். நான் பின்னால், "இஞ்சேருங்கோ, மெல்ல நடவுங்கோவன்" என்று இழுபட்டுக்கொண்டு வருவேன். ஊரில் எல்லா ஆம்பிளையளும் அப்படித்தான் நடந்தார்கள். ஒழுங்கை ஒடுக்கம், அதுதான் காரணமாக்கும் என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது பாதை அகலமாகிவிட்டது, எல்லாருக்கும் பெண்சாதி பக்கத்தில் வந்துவிட்டாள்.

அப்போது எனக்குப் பின்னால் யாரோ ஒருத்தி "இஞ்சேருங்கோ!" என்று கூப்பிட்டாள். முன்னால் போன ஆம்பிளையள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்களுடைய முகம் அதில் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்ன மனம் வரவில்லை.

மற்றவர்களையெல்லாம் விடலாம், றோஸ்மலரை விட முடியாது. கோயிலடி றோஸ்மலர், ஞாபகம் இருக்கிறதா? அவளுடைய மனுசன் அந்தோனி பிரான்சிலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே நிறத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். அவளுடைய தண்ணீர்ப் போத்தலை அவர் தூக்கிக்கொண்டு வருகிறார், ஐயோ! நடந்து முடித்து எங்கே போய் இருக்கிறார்கள் தெரியுமா? பூவரசுக்குக் கீழே போட்ட வாங்கில். நீங்கள் வள்ளத்தை இழுத்து விடுகிற அதே இடம். அதில் இருந்து அவர் கச்சான் கடலை உடைத்துக் கொடுக்க, அவள் வாங்கி வாங்கித் தின்கிறாள். இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"உனக்கு வேறை இடம் கிடைக்கேல்லையோடி?" என்று மனதுக்குள் கேட்டேன். வெளியே, "என்ன றோஸ்மலர், சுகமோ?" என்றேன்.

மறுநாள் வெயில் தாழ முன்னமே போய் அந்த வாங்கில் இருந்துவிட்டேன். இருந்ததும், கைப்பையிலிருந்த, நீங்கள் முகம் துடைக்கிற நீலக்கரை லேஞ்சியை எடுத்துப் பக்கத்தில் விரித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், கை தன்பாட்டில் செய்தது. மடு மாதா கோயிலுக்குப் போகிற பஸ் வந்து நிற்க முன்னமே கூட ஓடி, யன்னலுக்குள்ளால் இந்த லேஞ்சியை எறிந்து எனக்கு சீற் பிடித்துத் தந்த மனுசன் நீங்கள். எனக்காகக் காத்து நிற்கத் தெரியாத கால், அன்றைக்கு மட்டும் எனக்காக ஓடும். லேஞ்சி விழுந்த சீற்றில் எங்கள் ஊரில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். எடுத்ததற்கெல்லாம் சண்டைக்கு நிற்கிறவன்கூட லேஞ்சியைக் கண்டால் பேசாமல் தள்ளிப் போவான்.

பஸ் என்றால் என்ன, சபை போட்ட வாங்கு என்றால் என்ன, சட்டம் ஒன்றுதானே. வந்தவர்கள், "இதிலை ஆரும் வருகினமோ?" என்று கேட்டார்கள். "ஓம், ஆள் வருது" என்றேன். அது பொய்யா? சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, பிறகு எங்கே பொய்? அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் இதுதான் என் உத்தியோகம். றோஸ்மலரும் அந்தோனியும் தூரத்தில் வருவார்கள், லேஞ்சியைக் காண்பார்கள், வேறு வாங்குக்குப் போவார்கள். அப்போது என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறும்.

போன சனிக்கிழமை சபைக்காரர் மேடையில் கலைநிகழ்ச்சி வைத்தார்கள். வலிகாமத்துப் பிள்ளைகளின் நடனம், எங்கள் கோயில் பாட்டுக் குழு. புத்தூரிலிருந்துகூட சனம் வந்து இறங்கியது. இருக்க இடமில்லை. காவலாளி சனத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"அம்மா, உந்த லேஞ்சியை எடுங்கோ. வயது போன சனம் நிக்குது."

"ஆள் வருது தம்பி."

"எப்ப வருவார்? நானும் நெடுகப் பாக்கிறன், ஒரு நாளும் வந்ததாக் காணேல்லையே."

சனம் திரும்பிப் பார்த்தது. லேஞ்சியின் ஒரு மூலையை இறுக்கிப் பிடித்தேன். அதை எடுத்தால் நீங்கள் இரண்டாம் முறையும் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். அந்த நேரம் பார்த்து, வாங்குக்குப் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் யார்? றோஸ்மலர்தான். உங்கள் செத்தவீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள். அவளுக்குத் தெரியாதா ஆள் வருமா, வராதா என்று? சரி, இன்றைக்கு ஊருக்கு முன்னால் என் மானம் போகப் போகிறது என்று நினைத்தேன்.

"தம்பி, உதிலை ஆள் வருது" என்றாள் றோஸ்மலர். "எனக்கு அவரைத் தெரியும். நீர் போம்."

காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"ஏனடி அப்பிடிச் சொன்னனீ?"

"அக்கா, சொன்னால் கோவிக்கக் கூடாது. உந்த லேஞ்சியை எனக்கு நல்லாத் தெரியும். மடு பஸ்ஸுக்குள்ளை உங்கடை மனுசன் அதை எறிய, நீங்கள் ராசாத்தி மாதிரி ஏறி வந்து இருப்பியள். நான் கைப்பிள்ளையோடை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு வருவன். இவர் அங்கை பிரான்சிலை. எனக்கெண்டு ஒருத்தரும் ஒரு நாளும் லேஞ்சி போடேல்லை. அப்ப எனக்கு எரிஞ்ச எரிவு மாதாவுக்குத்தான் தெரியும்."

"இப்பதான் பக்கத்திலை நடக்கிறாரே?"

"டொக்டர் நடக்கச் சொன்னவர், நடக்கிறார். காதுக்குள்ளை ஒரு சாமானைச் செருகிக்கொண்டு வழி நெடுகப் பிரான்சோடை கதை. கச்சான் உடைச்சுத் தாறது என்னத்துக்கெண்டு நினைக்கிறியள்? நான் வாய் திறந்து கதைச்சுப் போடாமல் இருக்க." அவள் கையைக் காட்டினாள். மேடைக்குப் பின்பக்கத்தில் அந்தோனி தனியே நின்று யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோசம். பாவம் என்று முதலில் நினைத்திருக்க வேண்டும், அது பிறகுதான் வந்தது. அவள் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள்! ஆண்டவரே, இது அப்போதே தெரிந்திருந்தால் அந்த பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து இருந்திருப்பேன்.

"வா, நெருக்கி இருப்பம்" என்றேன். லேஞ்சியை எடுக்கவில்லை, ஒதுங்கித்தான் இடம் விட்டேன். இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் அவள், நடுவில் லேஞ்சி. நடனம் தொடங்கியது. பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள். பாதியில்தான் எனக்குப் புத்தி வந்தது. நடுவில் நீங்கள் என்றால், அவளுக்குப் பக்கத்திலும் நீங்கள்தானே! உடனே எழும்பி, லேஞ்சியை என்னுடைய மூலையில் விரித்துவிட்டு, நான் நடுவில் வந்து இருந்தேன். றோஸ்மலருக்கு விளங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், முழங்கால் நோவையும் மறந்து சிரித்தாள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடக்கிறோம். அந்தோனி முன்னால் போகிறார், நாலு எட்டு முன்னால்.

இனி உங்கள் அலுவலுக்கு வருகிறேன். மோட்சத்தில் என்னென்ன திருத்தியிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. பாதை கட்டாயம் அகலமாகத்தான் இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் நடக்க வசதியாக. அங்கே நீங்கள் ஒருவருக்கும் பக்கத்தில் நடக்க வேண்டாம். இவ்வளவு காலமும் முன்னால் நடந்தீர்கள்தானே, அங்கேயும் அப்படியே முன்னால் நடவுங்கள். பக்கத்தில் நடக்கிறதை என்னோடு தொடங்கலாம்.

ஒரு வாக்குத் தருகிறேன். என் காலில் நடை இருக்கிற வரைக்கும் பூவரசு வாங்கில் உங்கள் இடம் உங்களுக்குத்தான், எந்தச் சபைக்காரர் வந்து கேட்டாலும் எடுக்க மாட்டேன். நான் அங்கே வருகிறபோது லேஞ்சியை என் கையோடு கொண்டுவருவேன். ஆனால் லேஞ்சி என்னிடம் இருந்தால், அங்கே எனக்கு எதைப் போட்டு இடம் பிடிப்பீர்கள்? அதுதான் இப்போது என் யோசனை. பரவாயில்லை, கையை வையுங்கள். பக்கத்தில் உங்கள் கையை வைத்துக்கொண்டு இருங்கள். மாக்கிறேற் வருவாள். வந்து, "இதிலை ஆரும் வருகினமோ?" என்று கேட்பாள்.

ஓம், ஆள் வருது என்று சொல்லுங்கோ.

உங்கடை மனுசி,
திரேசா